கைப்பும் ஒரு சுவையே

மதுவைத் தீண்டாத குடும்பத்திற் பிறந்தவன் நான். சென்ற ஆண்டு இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரில் வாழும் மாமாவிடம் சென்றிருந்தபோது, அவருடைய முதிய ஆங்கிலேய நண்பர் எம்மைப் 'பப்' எனப்படும் மதுச்சாலைக்கு அழைத்தார். மறுக்க மனம் வரவில்லை.

கைப்பம்பினால் இழுத்து வார்த்த 'பேல் ஏல்' செம்பொன் நிறமாய் என்முன் நின்றது. பனிக்கட்டியின் குளிர் அதற்கில்லை. நிலவறையின் ஏறத்தாழ 12 பாகைக் குளிர்ச்சியே போதுமாம். முதல் மிடற்றிலேயே முகஞ் சுளித்தேன்.

"முகர்ந்து பார்த்தபின் மெல்லப் பருகு" என்றார் முதியவர். அவ்வாறே செய்தேன். முளைவிட்ட வாற்கோதுமையின் ரொட்டி போன்ற இனிமையும், ஹொப் மலரின் தோடம்பழத்தோல் மணமும் புலனாயின. ஈற்றில் கைப்பு நாவில் நெடுநேரம் நின்றது. அந்நகரின் கிணற்று நீரிற் கரைந்துள்ள ஜிப்சமே இக்கைப்பைத் துலங்கச் செய்கிறது என்றும், அந்நீரை நாடியே 19ஆம் நூற்றாண்டில் லண்டன் பியர் உற்பத்தியாளர் சிலர் அங்கு வந்தனர் என்றும் அவர் விளக்கினார்.

சிறுவயதில் துப்பிய பாகற்காயை இன்று விரும்பி உண்கிறேன். அறியாமல் இகழ்வதுதான் எத்துணை எளிது!

அரைக் குவளையுடன் நிறுத்திக்கொண்டேன். ஊர் திரும்பியதும் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவரது மௌனமும் கைத்தது. அதனைப் பொறுத்திருக்கவும் பழகிவருகிறேன்.