முத்தம் தேவைப்படாத காதல் ஜோடி

லண்டன் பூங்கா ஒன்றில் திடீரென்று மழை. குதிரைச் சவாரிக்கு வந்த இளம்பெண் ஒருத்தி, பாண்டு வாத்தியக்காரர்களுக்காகக் கட்டிய வட்ட மண்டபத்தில் ஒதுங்குகிறாள். பின்னாலேயே ஒருவன் வந்து சேர்கிறான். ஹோட்டலில் அவள் அறைக்கு மேல் அறையில் நள்ளிரவில் டேப் டான்ஸ் ஆடி, அவள் தூக்கத்தைக் கெடுத்தவன். இப்போது பாட்டுப் பாடுகிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் எழுந்து நடக்க, இவளும் எழுந்து, கேலி செய்வதுபோல் அதே நடை நடக்கிறாள். அவன் ஓர் அடி போட்டால் அவள் அதையே திருப்பிப் போடுகிறாள். இடி இடிக்கிறது, தாளம் வேகமெடுக்கிறது. கேலி எப்போது நின்றது, சேர்ந்து ஆடுவது எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஆடி முடித்து மண்டபத்தின் விளிம்பில் உட்கார்ந்தவர்கள் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் காதல் காட்சி.

1935-ல் வந்த 'டாப் ஹாட்' படம் இது. ஆடியவர்கள் ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ரோஜர்ஸ்.

கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அவனைத் தன் தோழியின் கணவன் என்று நாயகி தவறாக நினைத்துக்கொள்கிறாள். 'உங்கள் பெயர் என்ன?' என்று ஒருமுறை கேட்டிருந்தால் படம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். கேட்கமாட்டாள். இந்த ஜோடியின் மற்ற படங்களும் பெரும்பாலும் இதே ரகம்தான். பளபளக்கும் ஹோட்டல், ஆள்மாறாட்டம், உளறிக்கொட்டும் நண்பர், ஊடல், கடைசியில் கல்யாணம்.

ஆனால், நடனம் தொடங்கியதும் இன்னொரு கதை ஓட ஆரம்பிக்கும். 'வேண்டாம்' என்று நிற்கும் ஒரு பெண், மூன்று நான்கு நிமிடங்களில் எப்படி மனம் மாறுகிறாள் என்பதுதான் அது. வசனம் கிடையாது. தோளின் திருப்பம், தயங்கும் கால், ஒரு பார்வை, இவைதான் பேசும்.

1934-ல் வந்த 'தி கே டிவோர்சி' படத்தில் கடற்கரை ஹோட்டல், இரவு. அவள் கிளம்பப் பார்க்கிறாள். அவன் வழியை மறிக்கிறான். மறுபக்கம் போனால் அங்கும் வந்து நிற்கிறான். கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுகிறான், அவள் விலகுகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விலகலே நடனத்தின் பகுதியாகிவிடுகிறது. முடிவில் அவளை மெதுவாக இருக்கையில் உட்கார வைக்கிறான். அவள் எங்கோ தொலைந்துபோனவள்போல் அவனைப் பார்க்கிறாள். அவனோ, வேலை முடிந்தது என்பதுபோல் கையைத் தட்டிவிட்டு, சிகரெட் நீட்டுகிறான்!

மறுக்கும் பெண்ணை வழிமறிப்பது இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ஆனால், அடுத்த வருடமே வந்த அந்த மழைக் காட்சியில் இது கிடையாது. அங்கே அவளாகவே எழுந்து வருகிறாள். சவாரிக்கான கால்சட்டை, கோட்டு அணிந்து, பைக்குள் கையை விட்டுக்கொண்டு, அவனுக்குச் சரிசமமாக. ஒன்பது நடனம் பார்க்க நேரமில்லை, ஒன்றுதான் என்பவர்களுக்கு அந்த மழைக் காட்சி போதும்.

இத்தனைக்கும் இந்த ஜோடியை யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. அஸ்டேர் 1899-ல் பிறந்தவர். சிறுவயது முதல் அக்கா அடேலுடன் மேடையில் ஆடியவர். அந்த இருவரில் ரசிகர்களின் செல்லம் அடேல்தான். 1932-ல் அவர் இங்கிலாந்துப் பிரபு ஒருவரை மணந்துகொண்டு மேடையைவிட்டே போய்விட்டார். தனியாக நின்ற தம்பிக்கு 33 வயது, முன்நெற்றியில் முடியும் குறைய ஆரம்பித்திருந்தது. ஜிஞ்சர் அவரைவிட 12 வயது இளையவர். 14 வயதில் டெக்சாஸில் சார்ல்ஸ்டன் நடனப் போட்டி ஒன்றில் ஜெயித்து மேடைக்கு வந்து, அதற்குள் சினிமாவில் ஏகப்பட்ட சின்ன வேடங்களைப் பார்த்துவிட்டவர். 1933-ல் 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ' படத்தில் இருவருமே துணைப் பாத்திரங்கள்தான். நெற்றியோடு நெற்றி முட்டி ஆடும் 'கரியோகா' நடனத்தில் சில நிமிடங்கள் வந்தார்கள். தியேட்டரைவிட்டு வெளியே வந்தவர்கள் கதாநாயகன், கதாநாயகியை மறந்துவிட்டு இவர்களைப் பற்றிப் பேசினார்கள்.

ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ அப்போது கடனில் மூழ்கிக் கிடந்தது. விடுமா? ஜோடியாகவே போடு என்றது. அஸ்டேருக்கு இஷ்டமில்லை. அக்காவின் நிழலிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறோம், மறுபடி இன்னொருவரோடு கட்டிப்போடுகிறார்களே என்ற கவலை. 1939-க்குள் அதே நிறுவனத்துக்கு இருவரும் ஒன்பது படங்கள் நடித்து முடித்துவிட்டார்கள்.

நடனத்தைப் படமாக்குவதில் அஸ்டேர் பிடிவாதக்காரர். ஆடுபவரின் உடம்பு தலை முதல் கால் வரை திரையில் தெரிய வேண்டும். நடுவில் கால்களை மட்டும் காட்டுவது, வேடிக்கை பார்ப்பவர்களின் முகத்துக்குத் தாவுவது எல்லாம் கூடாது. முடிந்தவரை வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கும் இந்த விதி, ஆடுபவர்களுக்குப் பெரிய தண்டனை. மூன்றாவது நிமிடத்தில் ஒரு கால் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து! அதனால், படப்பிடிப்புக்கு முன்பே வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். நடன அமைப்பாளர் ஹெர்ம்ஸ் பானும் அஸ்டேரும் முதலில் அடிகளை உருவாக்குவார்கள். அப்போது ஜிஞ்சரின் இடத்தில் ஆடிப் பார்ப்பவர் பான். பிறகு ஜிஞ்சர் வந்து கற்றுக்கொள்வார். அவருக்கு அதே சமயத்தில் வேறு படங்களும் இருக்கும்.

'டாப் ஹாட்' படத்தில் ஜிஞ்சர் அணிந்து ஆடிய இளநீல இறகு கவுன் இன்றும் பேசப்படுகிறது. நெருப்புக்கோழி இறகால் ஆன அந்த கவுனை அவரே விரும்பிப் போட்டுக்கொண்டார். ஒத்திகையில் சுற்றிய சுற்றில் இறகுகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. அஸ்டேரின் கோட்டில், முகத்தில், மூக்கில் எல்லாம் இறகு. அவருக்குக் கோபமான கோபம். ஜிஞ்சர் அசையவில்லை. இறகுகளை நன்றாகத் தைத்துக்கொண்டு வந்து ஆடினார். படத்தை உற்றுப் பார்த்தால் இரண்டொரு இறகு உதிர்வது இப்போதும் தெரியும். அந்த கவுன் இல்லாமல் அந்தப் பாட்டை யோசிக்கவே முடியாது என்பது பிறகு எல்லோருக்கும் புரிந்தது, அஸ்டேருக்கும்தான். தங்கத்தில் ஒரு சின்ன இறகு செய்து ஜிஞ்சருக்குப் பரிசளித்தார். 'ஃபெதர்ஸ்' என்றே செல்லப்பெயரும் வைத்தார்.

1936-ல் 'ஸ்விங் டைம்' படத்தின் கடைசி நடனம் பிரிவைச் சொல்வது. இரண்டு பக்கமும் வளைந்தேறும் மாடிப்படிகளில் ஆடிக்கொண்டே ஏற வேண்டும். 40 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஜிஞ்சரின் காலிலிருந்து ரத்தம் வந்தது. திரையில் அதன் சுவடே கிடையாது. காற்றில் மிதப்பதுபோல் ஏறுகிறார்.

அஸ்டேர் பெரிய நடனக்காரர், ஜிஞ்சர் கொடுத்துவைத்தவர் என்றுதான் நெடுங்காலம் பேச்சு. சம்பளமும் அப்படித்தான் இருந்தது. அவருக்கு லாபத்தில் பங்குகூட உண்டு, இவருக்குக் கிடைத்தது மிகக் குறைவு. 1982-ல் அமெரிக்கப் பத்திரிகை கார்ட்டூன் ஒன்று, அவர் செய்ததையெல்லாம் இவரும் செய்தாரே, அதுவும் பின்பக்கமாக நகர்ந்து, ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு என்று குறும்பாகச் சுட்டிக்காட்டியது. அது இன்றுவரை மேற்கோளாகச் சுற்றுகிறது. நல்ல நகைச்சுவை. ஆனால், ஜிஞ்சரின் பலம் காலில் மட்டும் இல்லை. அஸ்டேரோடு பின்னாளில் ஆடியவர்களில் அவரைவிடத் தேர்ந்த நடனக்காரிகள் உண்டு. எலனோர் பவலின் வேகம் ஜிஞ்சருக்குக் கிடையாது. ஆடும்போதும் நடித்துக்கொண்டே இருந்தவர் ஜிஞ்சர். எண்ணி எண்ணி அடி போடும் முகமே அவருக்கு இருக்காது. இவனை நம்பலாமா, கூடாதா என்று யோசிக்கும் பெண்ணின் முகம்தான் இருக்கும். 1940-ல் வந்த 'கிட்டி ஃபாயில்' என்ற, நடனமே முக்கியமில்லாத படத்துக்கு அவருக்குச் சிறந்த நடிகை ஆஸ்கர் கிடைத்தது தற்செயல் அல்ல.

நிஜ வாழ்க்கையில் இருவருக்கும் காதல் இல்லை, பலர் கிசுகிசுத்த பகையும் இல்லை. திரையிலும் சரியான முத்தம் என்று ஒன்று வந்தது எட்டாவது படத்தில்தான். 1938-ல் வந்த 'கேர்ஃப்ரீ' படத்தில், கனவு நடனம் ஒன்றின் முடிவில், மெதுவாக ஓடும் காட்சியாக. அதற்கு முன் ஏழு படங்களில் அது ஒரு குறையாகவே தோன்றாது.

இந்தப் படங்கள் வந்த காலத்தையும் மறக்க முடியாது. 1933-ல் அமெரிக்காவில் வேலை தேடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வாடகை கொடுக்க முடியாதவர்கள், சில்லறையைக் கொடுத்து டிக்கெட் வாங்கி, வெள்ளை வெளேர் என்ற மாளிகைகளில் கவலையே இல்லாமல் ஆடுபவர்களைப் பார்த்தார்கள். பொய்யான உலகம்தான். வூடி ஆலன் 1985-ல் எடுத்த 'தி பர்ப்பிள் ரோஸ் ஆஃப் கெய்ரோ' படத்தின் முடிவில், எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண் தியேட்டரில் உட்கார்ந்து 'டாப் ஹாட்' பார்க்கிறாள். அவள் முகம் மெல்ல மெல்ல மலர்கிறது.

1949-ல் 'தி பார்க்லீஸ் ஆஃப் பிராட்வே' படத்தில் பத்தாவது முறையாக, முதன்முதலாக வண்ணத்தில், இருவரும் ஆடினார்கள். நாயகியாக முடிவாகியிருந்த ஜூடி கார்லண்டால் நடிக்க முடியாமல் போனதால் அமைந்த வாய்ப்பு அது. அடுத்த வருடம் அஸ்டேருக்குச் சிறப்பு ஆஸ்கர் வழங்கப்பட்டபோது, மேடையில் அதைக் கொடுத்தவர் ஜிஞ்சர்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் 'ஸ்விங் டைம்' படத்திலிருந்து தொடங்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. கறுப்பின நடனக் கலைஞர் பில் ராபின்சனுக்கு மரியாதை என்ற பெயரில், ஒரு காட்சியில் அஸ்டேர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆடுகிறார். டேப் நடனத்தை வளர்த்ததில் பெரும்பங்கு கறுப்பினத்தவருடையது. ராபின்சன் போன்றவர்களுக்கு ஹாலிவுட் கொடுத்ததோ ஓரத்து வேடங்கள்தான். குழந்தைகளோடு பார்த்தால் அதையும் சொல்லிவிடுவது நல்லது.

மற்றபடி, தொடக்கத்தில் வரும் நடனப் பள்ளிக் காட்சியைத் தவறவிடாதீர்கள். ஆடத் தெரியாதவன்போல் நடித்து அவன் தொப்தொப்பென்று விழுகிறான். 'உனக்கு நடனம் வராது, பணத்தை மிச்சம் பிடி' என்று டீச்சர் உண்மையைச் சொல்லிவிட, முதலாளி அவளை வேலையைவிட்டு நீக்குகிறார். 'இவர் எனக்கு எவ்வளவு கற்றுக்கொடுத்திருக்கிறார், பாருங்கள்' என்று அவன் அவளை இழுத்துக்கொண்டு ஆட ஆரம்பிக்கிறான். அந்த நொடியில் அவன் காலைப் பார்க்காதீர்கள். ஜிஞ்சரின் முகத்தைப் பாருங்கள்.