ஃப்ளைவீல் பக்கம் பார்க்கும் அம்பு

பழைய இன்ஜின் ஒன்று பட்டறைக்கு வந்தால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் துணியை எடுக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பட்டறை வைத்திருந்த ஒரு சிங்களப் பெரியவர். எல்லோரும் அவரை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களிலிருந்து அந்தக் காலத்தில் கொழும்புக் கடைகளுக்கு ஆள் போவது சாதாரணம். என்னையும் மாமா கடையில் கணக்கெழுதத்தான் கூட்டிப் போனார்கள். கணக்கை விட, தெருமுனைப் பட்டறையிலிருந்து வந்த இன்ஜின் சத்தம் எனக்குப் பிடித்துப்போனது. மாமாவும் தடுக்கவில்லை.

கொழும்பு வீதிகளில் அப்போது வோல்க்ஸ்வேகன் பீட்டில் நிறைய ஓடும். இன்றைக்கும் இலங்கையில் அந்தக் காரை உயிராக வைத்திருப்பவர்கள் உண்டு. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றும் வேலை கிடையாது. பின்பக்கம் இருக்கிற இன்ஜினின் நாலு சிலிண்டரையும் ஒரு பெரிய ஃபேன் காற்றடித்தே ஆற்றிவிடும். நம் ஊரில் காற்றில் ஆறும் இன்ஜின் என்றால் திருவொற்றியூரில் செய்த புல்லட்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதே தத்துவம்தான் இது, நாலு சிலிண்டரோடு.

சின்ன வயசு இல்லையா, எதைக் கொடுத்தாலும் உடனே கழற்றிப் பார்க்கக் கை பரபரக்கும். பாஸ் கையைப் பிடித்து நிறுத்துவார். “முதல்ல துடை தம்பி. செய்தவன் என்ன எழுதியிருக்கான் என்று படி. அப்புறம் கழற்று.”

டைனமோ உட்கார்ந்திருக்கும் பீடத்துக்குக் கீழே, கேஸின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் இன்ஜின் நம்பர் அடித்திருக்கும். 1965 ஆகஸ்டிலிருந்து நம்பருக்கு முன்னால் எழுத்தும் வந்தது. டி என்றால் 1200, எஃப் என்றால் 1300. அடுத்த வருஷம் 1500 வந்தபோது அதற்கு ஹெச். 1970-க்குப் பிறகு வந்த 1300-க்கு ஏபி, 1600-க்கு ஏடி. சேஸிஸ் நம்பர் பின்சீட்டுக்கு அடியில், நடுவில் ஓடும் டன்னல் மேல் இருக்கும். 1965 மாடலிலிருந்து அது ஒன்பது இலக்கம். முதல் இரண்டும் 11 என்றால் பீட்டில், மூன்றாவது இலக்கம் மாடல் வருஷம். இதையெல்லாம் பாஸ் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வண்டியாகத் துடைக்கச் சொல்லி, என்னையே படிக்கச் சொல்லி, மனசில் ஏற்றினார்.

ஊருக்குத் திரும்பிப் பட்டறை போட்ட பிறகு அந்தப் படிப்புக்கு ரொம்ப நாள் வேலை வரவில்லை. அம்பாசிடர், ஃபியட், விசைத்தறிக்கு நூல் ஏற்றும் வேன் என்றே காலம் போயிற்று. பிறகு ஒரு நாள் தறிக்காரர் ஒருவரின் மகன் அப்பாவின் பீட்டிலைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டுத் தூதரகத்துக்காரர்கள் விட்டுப்போகும் கார்களை அப்போதெல்லாம் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் டெண்டரில் விற்கும். அப்படி வந்த வண்டி. அப்பா காலமான பிறகு பேர் மாற்றப் போயிருக்கிறார். அதற்கு முன்னால் காட்டிய ஒரு பட்டறையில், வண்டியே டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தில் 1966, சேஸிஸ் நம்பரோ 117 என்று தொடங்குகிறது, அதாவது 1967. இன்ஜின் நம்பரிலும் கடைசி இலக்கம் ஒத்துப்போகவில்லை.

“அப்பா ஏமாந்துட்டாரா அண்ணாச்சி?” என்று கேட்டார். அந்த மனுஷனின் கவலை காரைப் பற்றியது இல்லை என்று எனக்கு அப்போதே புரிந்தது.

வருஷக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது. நமக்குச் சித்திரையில் வருஷம் பிறப்பது போல அந்தக் கம்பெனிக்கு ஆகஸ்டில் பிறக்கும். 1966 ஆகஸ்டுக்குப் பிறகு செய்த வண்டிக்கு 117 என்றுதான் நம்பர் விழும். ஆர்.சி.யும் சரி, சேஸிஸும் சரி. இன்ஜின் எழுத்து ஹெச். 1500 பீட்டில் வந்ததே அந்த ஆகஸ்டில்தான்.

கடைசி இலக்கத்துக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. அந்த கேஸ் மக்னீசியம் கலந்த வார்ப்பு. எடை குறைவு, இரும்பு போலக் கடினமும் இல்லை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் அழுக்கோடு எழுத்தும் போய்விடும். கிரைண்டர் வைத்தால் இன்னும் ஆபத்து. மக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீருக்கு அடங்காது, தண்ணீர் பட்டால் இன்னும் எரியும். அதனால் தறியிலிருந்து வருகிற கழிவு நூலை மண்ணெண்ணெயில் நனைத்து இரவு முழுக்க ஒற்றி வைத்தேன். காலையில் பழைய பல் பிரஷால் மெல்லத் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, சாமி படத்துக்குக் கீழே இருந்த திருநீற்றை விரலில் தொட்டுத் தடவினேன். மேலே இருந்ததைத் துடைத்ததும் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், 3 என்று அவர்கள் படித்தது 8. இடது பக்க வளைவில் கெட்டிப்பட்ட எண்ணெய் அடைத்திருந்தது. எழுத்துக்கு அடியில் அரம் போட்ட தடம் இல்லை. புதிதாக நம்பர் அடிப்பவர்கள் பழையதை முதலில் ராவித்தானே ஆக வேண்டும்?

அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு நிமிர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆனால் வண்டிக்கு வேறொரு உபாதை இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் தட்டும், சூடானதும் அடங்கிவிடும். இன்ஜினை இறக்கித் திறந்தோம். பிஸ்டன் தலையில் 85.5 என்று இருந்தது. 1500 இன்ஜினுக்கு 83 மில்லிமீட்டர் பிஸ்டன்தான். 85.5 என்பது 1600-க்கு உரியது. அதே கேஸில் அப்படியே உட்காரும். யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். 1493 சி.சி. இன்ஜின் 1584 ஆகியிருக்கிறது. இதைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு இன்ஜின் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தால் அதன் உடம்பில் நாலு பேர் கைவேலை இருக்கத்தான் செய்யும்.

பிஸ்டன் தலையில் இன்னொரு குறியும் உண்டு: ஒரு அம்பு. அது ஃப்ளைவீல் பக்கம் பார்க்க வேண்டும். பின் போகும் துளை நடுவிலிருந்து இம்மி விலகியிருப்பதால் திசை முக்கியம். நாலில் ஒன்று திரும்பி மாட்டியிருந்தது. தட்டின காரணம் அதுதான். பக்கத்திலேயே எடைக்கு ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி இருக்கும். நாலு பிஸ்டனும் 10 கிராம் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக.

அந்த அம்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். ஜெர்மனியில் ஒரு தொழிலாளி, தான் பார்க்கவே போகாத ஒரு மெக்கானிக்குக்காக, ‘இப்படி மாட்டு தம்பி’ என்று குறித்து அனுப்பியிருக்கிறான். அந்த மெக்கானிக் சங்கரன்கோவிலில் இருப்பான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் சிலிண்டருக்கும் இதே கரிசனம் உண்டு. ஃபேன் கூண்டுக்குள் ஆயில் கூலர் அதன் தலைக்கு மேல் நிற்பதால், அதற்கு மட்டும் சூடான காற்றுதான் கிடைக்கும். அதற்காக டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த ஒரு சிலிண்டருக்குப் பொறியைச் சில டிகிரி தாமதமாக வைத்தார்கள். பலவீனம் எங்கே என்று தெரிந்து, அதற்கு ஆறுதலும் செய்து வைத்தவர்கள்.

இன்ஜினைப் பூட்டி முடித்ததும் ஒரு தாளில் எழுதினேன்: கேஸ் ஹெச், பிஸ்டன் 85.5, நாலு அம்பும் ஃப்ளைவீல் பக்கம், செய்த தேதி, என் போன் நம்பர். சி.சி. மாறியதை ஆர்.சி.யில் ஏற்ற எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி, ஆர்.சி. உறைக்குள் தாளை வைத்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்டில் அந்த 8 தெளிவாக விழுந்தது.

சில வருஷம் கழித்து ராஜபாளையத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். வண்டி அவன் பட்டறையில் நிற்கிறதாம். “அண்ணாச்சி, ஹெச் நம்பரைப் பார்த்துட்டு 83 ரிங் செட்டுக்குச் சொல்லப் போனேன். நல்லவேளை உங்க தாளு இருந்துச்சு.” மாட்டுவதற்கு முன்னால் அம்பைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டானாம், தாளின் கீழே தன் தேதியையும் போன் நம்பரையும் எழுதலாமா என்று கேட்டான்.