பேய் விருந்துக்கு ஒரு கோப்பு

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. கல்யாணத்துக்குப் போவதானாலும் கண் ஆபரேஷனானாலும் ஒரு அட்டை, ஒரு நாடா, உள்ளே வரிசை எண் போட்ட தாள்கள். என் மனைவி இருந்தவரை இதைக் கேலி செய்யாத நாளில்லை. "எமன் வந்தாலும் உங்ககிட்ட அசல் எங்கே, நகல் எங்கேன்னு மாட்டிக்கிட்டு முழிக்கப் போறான்" என்பாள். கடைசியில் எமன் அவளிடம்தான் முதலில் வந்தான். எந்தக் காகிதமும் கேட்கவில்லை.

அது ஒரு மாசி மாதம். அந்த வருடம் அக்டோபரில் மகள் என்னைப் பிரான்ஸுக்கு வரவழைத்துக்கொண்டாள். பாரிஸுக்குக் கிழக்கே நுவாசி-லெ-கிரானில் வீடு. மாப்பிள்ளைக்கு இரவு வேலை, மகளுக்குப் பகல் வேலை. பேத்திக்குப் பன்னிரண்டு வயது, பேரனுக்கு எட்டு. நம் ஊரிலிருந்து போன குடும்பங்களில் நடப்பதுதான் அங்கேயும். பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. எனக்கு அது கஷ்டமில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆனால் நான் பேசுவது அறுபதுகளின் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு. "தாத்தா, நீங்க புஸ்தகம் மாதிரியே பேசறீங்க" என்று பேத்தி சிரிப்பாள்.

அக்டோபர் கடைசியில் அங்கே பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை. துஸேன் விடுமுறை என்பார்கள். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள், மறுநாள் நம் ஊரிலும் எல்லோரும் அறிந்த கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின இரவுதான் அக்டோபர் 31, ஹாலோவீன். அங்கே பிள்ளைகள் அதை 'அலோவீன்' என்கிறார்கள். நான் படித்த காலத்தில் துஸேன் உண்டு, இந்த அலோவீன் கிடையாது. அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்களாம். அமெரிக்கா போனதும் அது பூசணிக்காய் ஆனது. அங்கிருந்து பிரான்ஸுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் சமீப காலத்தில்தான்.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? கட்டுகிற வீட்டுக்கு முன்னால் பூசணிக்காயில் முட்டைக் கண்ணும் கோரைப் பல்லும் எழுதித் தொங்கவிடுகிறோம். சிவராத்திரி முடிந்த மறுநாள் மயானக் கொள்ளைக்குக் காளி வேஷம் கட்டி, எலுமிச்சை மாலை போட்டுச் சுடுகாட்டுக்கே போகிறோம். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவன் நான். பேரனிடம் இதைச் சொன்னதும், "நிஜச் சுடுகாட்டுக்கா?" என்று கண்ணை விரித்தான். அதன் பிறகு என் காலைச் சுற்றியே இருந்தான்.

அந்த வருடம் அக்டோபர் 31 அன்று டிஸ்னிலேண்டில் நடக்கும் ஹாலோவீன் இரவு விருந்துக்கு மகள் நான்கு சீட்டு வாங்கிவிட்டாள். பாரிஸ் டிஸ்னிலேண்ட் 1992 ஏப்ரல் 12-ல் திறந்தது. அப்போது நான் இங்கே அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதற்குள் காலை வைப்பேன் என்று நினைத்ததே இல்லை. "அப்பா, பிளான் உங்க பொறுப்பு" என்று மகள் சொன்னதும், கடைக்குப் போய் ஒரு நீல அட்டை வாங்கினேன்.

பிள்ளைகள் பிரான்ஸில் இருக்கும் நண்பர்களுக்கு உதவலாம் என்பதால் அந்தக் கோப்பின் சாரத்தை இங்கே எழுதுகிறேன்.

முதல் தாள், சீட்டு. இரவு விருந்துக்குத் தனிச் சீட்டு. பகல் சீட்டு வைத்திருப்பவர்கள் விருந்து தொடங்கும்போது வெளியே வந்துவிட வேண்டும். தேதியை இரண்டு முறை சரிபார்த்து வாங்குங்கள்.

இரண்டாம் தாள், ரயில். ஆர்.இ.ஆர். 'ஆ' வழித்தடத்தின் கிழக்குக் கடைசி நிலையம் மார்ன்-லா-வல்லே ஷெஸ்ஸி. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வாசல் எதிரிலேயே. நுவாசியிலிருந்து அரை மணிக்குள் போய்விடலாம். விருந்து நள்ளிரவு தாண்டியும் நடக்கும், ரயில் அப்படி ஓடாது. அதனால் பத்தரை மணி ரயில் என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன்.

மூன்றாம் தாள், குளிர். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். ஆகவே 31-ம் தேதி மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும். பகலில் போட்ட ஸ்வெட்டர் ராத்திரிக்குப் போதாது. குல்லாய், கையுறை, இரண்டு ஜோடி காலுறை.

நான்காம் தாள், வேஷம். பேத்தி சூனியக்காரி, பேரன் எலும்புக்கூடு. பெரியவர்கள் முகத்தை முழுக்க மூடும் முகமூடி போடக்கூடாது, விளையாட்டுக் கத்தி துப்பாக்கியும் கூடாது. எனக்கு என்ன வேஷம் என்று கேட்டேன். "நீங்க இப்படியே வாங்க தாத்தா, போதும்" என்றாள் பேத்தி.

ஐந்தாம் தாள் நம் வயதுக்காரர்களுக்கு முக்கியமானது. கழிப்பறை எங்கே, பெஞ்சு எங்கே, வழி தவறினால் எங்கே நிற்பது. வாசலைத் தாண்டியதும் ஒரு சதுக்கம், நடுவில் கூரை போட்ட மண்டபம். யார் தொலைந்தாலும் அங்கே வந்து நிற்க வேண்டும் என்று மூவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஆறாம் தாள்தான் தகராறு. எதை எப்போது பார்ப்பது? கோட்டைக்கு அடியில் ஒரு குகை, அதில் சங்கிலி போட்ட டிராகன் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். அதுதான் முதலில் என்றாள் பேத்தி. பேரன் வரைபடத்தில் 'ஃபாண்டம் மேனர்' என்ற பேய் பங்களாவின் மேல் விரலை வைத்து, "இதுதான் முதல்ல" என்றான். இரவு விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிற பிள்ளை அவன். வீம்புக்குச் சொல்கிறான் என்று நினைத்து, பங்களாவைக் கடைசியில் எழுதினேன். மறுநாள் பார்த்தால் பென்சிலால் அதை அடித்து, மேலே '1' என்று போட்டிருந்தான். நான் அழித்தேன். அதற்கும் மறுநாள் மறுபடி '1'. அரசாங்கத்தில் கூட ஒரு குறிப்பை இத்தனை முறை யாரும் எனக்குத் திருப்பி அனுப்பியதில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

31 மாலை கிளம்பினோம். மகள் டப்பாவில் இட்லியும் மிளகாய்ப் பொடியும் எடுத்து வைத்திருந்தாள். நுழைவிடச் சோதனையில் காவலர் டப்பாவைத் திறந்து இது என்ன என்றார். "அரிசி கேக், முஸியே" என்று என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்தார், மிளகாய் நெடியில் தும்மினார், சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

உள்ளே எங்கு பார்த்தாலும் பூசணிக்காய் முகங்கள், ஆரஞ்சு விளக்குகள், வேஷம் போட்ட கூட்டம். நேரே பேய் பங்களாவுக்கு நடந்தோம். மேட்டின் மேல் பாழடைந்தது போல் கட்டிய மர மாளிகை. வரிசையில் நிற்கும்போது பேரனின் கை என் கையுறைக்குள் நுழைந்திருந்தது. உள்ளே இருவர் இருவராக ஒரு வண்டியில் உட்காரவைத்து இருட்டில் நகர்த்திக்கொண்டு போகிறார்கள். மாப்பிள்ளை வராத ஒரு கல்யாணப் பெண் ஆவியாக அந்த மாளிகையில் காத்திருக்கிறாள் என்பது கதை. நான் அவ்வப்போது பக்கத்தில் பார்த்தேன். அவன் கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு ஆவி வரும்போதும் முன்னால் குனிந்து, முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் மகளும் பேத்தியும் டிராகனைப் பார்க்கப் போனார்கள். முட்டி வலி என்று நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆயா இல்ல" என்றான். பிரெஞ்சில் அல்ல, தமிழில்.

எனக்கு முதலில் புரியவில்லை. பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்த ஒரு ராத்திரி செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று. வந்தால் பேய் இருக்கும் இடத்துக்குத்தானே வருவார்கள்? கூட்டம் சேர்வதற்குள் போனால்தானே பார்க்க முடியும்? அதனால்தான் '1'. அவள் போனபோது பரீட்சை, விசா, விடுப்பு என்று அவர்கள் யாரும் வர முடியவில்லை. மகள் மட்டும் வந்து போனாள். அவன் ஆயாவைக் கடைசியாகப் பார்த்தது போன் திரையில்.

பேயே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். எட்டு மாதமாக நானும் ராத்திரி சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டால் எழுந்துபோய்ப் பார்த்தவன்தானே. அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

"ஆயாவுக்கு இந்த இடமே தெரியாதே" என்றேன். "அப்படியே வந்தாலும் பேய் வீட்டுக்கா வருவா? நேரா உங்க அம்மா அடுப்படிக்குத்தான் போவா. உப்பு சரியா இருக்கான்னு பார்ப்பா. உன்னைப் பார்த்ததும் சாப்பிட்டியான்னு கேட்பா."

டப்பாவைத் திறந்தேன். "இந்தப் பொடி ஆயா செய்ததா?" என்று கேட்டான். "அரைச்சது உங்க அம்மா. அளவு ஆயாவோடது" என்றேன். எலும்புக்கூடு கையுறையைக் கழற்றிவிட்டு நான்கு இட்லி சாப்பிட்டான். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும்தான். இரண்டு பேருமே பொடியின் மேல் பழி போட்டோம்.

கோப்பில் பதினொரு இடம் எழுதியிருந்தேன். பார்த்தது நான்கு. ஊர்வலத்துக்கு நான் குறித்து வைத்திருந்த இடத்தில் யாரோ நின்றிருந்தார்கள். பத்தரை ரயிலை மட்டும் விடவில்லை. பேரன் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான்.

மறுநாள் துஸேன். வீட்டுப் பக்கம் பூக்கடை வாசலில் தொட்டி தொட்டியாகச் சாமந்தி. அந்த நாளில் பிரெஞ்சுக்காரர்கள் கல்லறைக்கு வைக்கும் பூ அது. அதனால் வீட்டுக்குப் பரிசாக யாரும் கொடுக்கமாட்டார்கள். நமக்கு அப்படியில்லை, பூஜைக்கும் சாமந்தி, கல்யாணத்துக்கும் சாமந்தி, கடைசிப் பயணத்துக்கும் சாமந்தி. "ஆயாவுக்குக் கல்லறை எங்கே?" என்றான் பேரன். "கடலில் கரைச்சாச்சு" என்றேன். மஞ்சளில் ஒரு தொட்டி வாங்கி, மகள் வீட்டு அடுப்படி ஜன்னலில் வைத்தோம். அந்த இடத்தை அவன்தான் சொன்னான்.

நீல அட்டை இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. அதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஏழாவது தாளாக ஒன்று சேர்க்கிறேன். பேரப்பிள்ளை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால், வரிசை எண் போடுவதற்கு முன் ஏன் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளை ஒரு வாரம் தனியாக அதைச் சுமந்திருக்க வேண்டாம்.