டெவலப்பருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள்

சிறு தொழில் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெப்சைட் வேலைக்கு ஆள் அமர்த்தும்போது உங்கள் சொந்த பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

வேர்ட்பிரஸ் என்றால், அவருடைய மின்னஞ்சலில் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். பதிவுகளைத் திருத்த மட்டும் என்றால் 'எடிட்டர்' போதும். தீம், பிளகின் வேலை இருந்தால்தான் 'அட்மினிஸ்ட்ரேட்டர்'. வேலை தொடங்குமுன் முழு பேக்கப் எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

டொமைனை மட்டும் எக்காரணம் கொண்டும் அவர் பெயரில் வாங்க விடாதீர்கள். ஹோஸ்டிங் போனாலும் பேக்கப்பை வைத்து வேறிடத்தில் தளத்தை மீண்டும் இயக்கிவிடலாம். டொமைன் கைவிட்டுப் போனால், அந்த முகவரிக்கு வரும் வாடிக்கையாளர் மின்னஞ்சலும் சேர்ந்தே போகும்.

வேலை முடிந்ததும் அந்தக் கணக்கை நீக்குங்கள். அப்போது, அவர் போட்ட பதிவுகளை அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா என்று வேர்ட்பிரஸ் கேட்கும். நிதானமாகப் படித்து, உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அவசரத்தில் அழித்தால் அவர் உருவாக்கிய பக்கங்களும் போய்விடும். ஹோஸ்டிங், எஃப்டிபி பாஸ்வேர்டுகளையும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

இதில் சந்தேகப்படுவது என்ற பேச்சே இல்லை. நாளை ஏதாவது நடந்தால், நேர்மையாக வேலை செய்தவர் மீது பழி விழாமல் காப்பதும் இந்த ஒழுங்குதான்.