சைனஸுக்கு முன் மூக்கு

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் வரும் பலர் நோயின் பெயரையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "சைனஸ் டாக்டர், குனிஞ்சா தலை வெடிக்குது." நான் முதலில் கேட்பது தலைவலியை அல்ல. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் வருமா, மூக்கும் கண்ணும் அரிக்குமா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா?

பிறகு எண்டோஸ்கோப். ஒவ்வாமை மூக்கின் உட்சவ்வு வெளிறி, சற்றே நீலம் பாரித்து, ஊறிப்போயிருக்கும். கிருமித் தொற்று என்றால் சிவந்திருக்கும். நடு மடிப்புக்கு அடியிலிருந்து சீழ் இறங்கும். இரண்டும் ஒரே மூக்கில் இருப்பதும் உண்டு.

கன்னத்துச் சைனஸின் அமைப்பு எனக்கு இன்றும் வியப்புதான். அதன் வாசல் அடியில் இல்லை. உட்சுவரின் மேற்பகுதியில், சில மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. நிமிர்ந்து நிற்பவருக்குச் சளி தானாக வடிய வழியே இல்லை. நுண்மயிர்கள்தான் அதை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளுகின்றன. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் இந்த ஓட்டத்தை ஆராய்ந்து காட்டினார். கீழே புதிதாகத் துளை போட்டாலும் சளி பழைய வாசலைத் தேடியே போகும்! ஒவ்வாமையில் சவ்வு வீங்கி அந்த வாசலை அடைத்தால் சளி தேங்கும், கிருமி பெருகும். ஆன்டிபயாடிக் கிருமியைத்தான் கொல்லும். வீக்கம் அப்படியே நின்றால் அடுத்த தூசிக்கு மறுபடி அடைப்பு.

ஜலதோஷத்தோடு வரும் சைனஸ் வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. 10 நாளாகியும் குறையாவிட்டால், அல்லது குறைந்தபின் மீண்டும் ஏறினால் ஆன்டிபயாடிக் பற்றி யோசிப்பேன். மஞ்சள் சளியை மட்டும் பார்த்து எழுதுவதில்லை.

என் நேரம் அதிகம் கரைவது ஒவ்வாமை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே அடிக்கக் கற்றுக்கொடுப்பதில். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, முனை அந்தப் பக்கத்துக் காதை நோக்கி. நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். முழுப்பலன் தெரிய 2 வாரம்கூட ஆகலாம். மூன்றாம் நாளே "கேக்கல டாக்டர்" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

சில நிமிடத்தில் மூக்கைத் திறக்கும் கடைச் சொட்டு மருந்தில் அந்தப் பொறுமை தேவையில்லை. ஆனால் 5 நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பைக் கூட்டும். உப்புநீரால் கழுவுகிறவர்கள் கொதித்து ஆறிய நீரையே எடுங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, ஆவி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.