மரக்குதிரையில் தொடங்கிய பாடம்

கெய்ரோவுக்குச் செல்வோர் அல்-அஸ்ஹரைப் பார்ப்பார்கள், நைல் நதியைப் பார்ப்பார்கள், பிரமிட்டுகளையும் பார்ப்பார்கள். முகத்தம் குன்றின் சரிவிலே நிற்கும் கோட்டைக்கும் ஏறுவார்கள். ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்கள் 1176இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. அங்குள்ள முஹம்மத் அலி பள்ளிவாசலின் பக்கத்தில் நின்று கீழே பார்த்தால், தவிட்டு நிறக் கட்டடங்களுக்கு மேலாக மினாராக்கள் காடுபோல் எழுந்து நிற்கும். மிக அருகில் தெரிவது 1356 முதல் 1363 வரை கட்டப்பட்ட சுல்தான் ஹஸன் பள்ளிவாசல். அதன் அண்டையிலே ரிபாஈ பள்ளிவாசல். இரண்டுக்கும் முன்னால் வாகனங்கள் சுற்றிச் செல்லும் அகன்றதொரு சதுக்கம்.

வந்தவர்களின் கண்கள் மினாராக்களில்தான் தங்கிவிடுகின்றன. அந்தச் சதுக்கத்தை எவரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஆனால், என் கண்கள் அங்கேதான் நின்றன. அன்று அதன் பெயர் ருமைலா. அதையொட்டிக் கோட்டையின் அடிவாரத்திலேதான் சுல்தான்களின் குதிரை லாயங்களும் குதிரை மைதானமும் இருந்தன.

ஓதலுக்குப் பின் ஏற்றம்

1250 முதல் 1517 வரை எகிப்தை ஆண்டவர்கள் மம்லூக்குகள். கருங்கடலுக்கு அப்பாலுள்ள புல்வெளிகளிலிருந்தும் கோக்கஸஸ் மலைநாட்டிலிருந்தும் அடிமைச் சிறுவர்களாக வாங்கி வரப்பட்டவர்கள் அவர்கள். தாயின் மடியிலிருந்து பிரிக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளைக் கோட்டைக்குள்ளிருந்த விடுதிகளில் தங்க வைத்தார்கள். முதலில் அவர்களிடம் வந்தவர் போர் வீரரல்லர், மார்க்க அறிஞர். எழுத்து, குர்ஆன் ஓதல், தொழுகை, ஒழுக்கம் ஆகியவற்றை அவர் கற்பித்தார். பருவ வயதை அடைந்த பின்னரே குதிரையேற்ற ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள்.

அந்த ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? உடனே உயிருள்ள குதிரையைக் கொடுக்கவில்லை. மரத்தாலோ, களிமண்ணாலோ, கல்லாலோ செய்த குதிரை உருவத்தை முன்னால் நிறுத்தி, “இதன் மேல் பாய்ந்து ஏறு” என்றார். முதலில் சேணமில்லாமல், பின்னர் சேணத்தோடு, அதன் பின் ஆயுதங்களையும் அணிந்துகொண்டு! ஏறுவதும் இறங்குவதும் உடலுக்குப் பழகிய பிறகே உயிருள்ள குதிரை வந்தது. அதற்கும் பிறகுதான் ஈட்டி, வாள், வில் எல்லாம்.

‘கபக்’ என்றொரு விளையாட்டும் அவர்களிடம் இருந்தது. உயர்ந்த கம்பத்தின் உச்சியில் சுரைக்காயைப் போன்ற இலக்கொன்றை வைப்பார்கள். குதிரை பாய்ந்து செல்லும்போதே, இரண்டு கைகளும் வில்லில் இருக்க, உடலை முறுக்கி மேல்நோக்கி அம்பு எய்ய வேண்டும். சுல்தான் பைபர்ஸ் இதற்கெனவே 1267இல் கெய்ரோவில் ஒரு மைதானம் அமைத்தார். கைகள் கடிவாளத்தில் இல்லாதபோது மனிதனைக் குதிரையின் மேல் இருத்துவது எது? அவனுடைய இடுப்பும் வயிறும் முதுகும்தான். மரக்குதிரை தயார்செய்தது அவற்றைத்தான்.

அதே பாடம் இன்றும்

மறுநாள் மாலை, பிரமிட்டுகளுக்கு அருகிலே குதிரை லாயங்கள் நிறைந்த கிராமமொன்றுக்குப் போனோம். ஒரு முற்றத்தில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுமியொருத்தி, நீண்ட காற்சட்டையும் முக்காடுமாகக் குதிரையில் அமர்ந்திருந்தாள். ஆசிரியர் நீண்ட கயிற்றைப் பிடித்தபடி நடுவில் நிற்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமாக வந்துகொண்டிருந்தது. அவளுடைய கால்கள் அங்கவடியில் இல்லை. கைகளில் கடிவாளமும் இல்லை. இரண்டு கைகளையும் பறவையைப் போல விரித்திருந்தாள். “முதுகு, மகளே, முதுகு!” என்று ஆசிரியர் அடிக்கடி குரல் கொடுத்தார்.

ஓரத்து வாங்கில் அமர்ந்திருந்த தாய், “கடிவாளத்தை எப்போது கொடுப்பீர்கள், ஹாஜி?” என்று கேட்டார்.

“அதைப் பிடித்துத் தொங்காமல் உட்காரப் பழகட்டும், உம்மு அஹ்மத்” என்றார் அவர்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கோட்டையின் அடிவாரத்தில் நடந்த பாடத்தின் ஒழுங்கும் இதுவே அல்லவா?

காரணம் எளிது. குதிரை மெல்ல நடக்கும்போது, அதன் மேலிருப்பவரின் இடுப்பு, அவர் தாமே நடப்பதைப் போல முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைகிறது. துள்ளுநடையில் குதிரையின் கால்கள் மூலைக்கு மூலை இரண்டிரண்டாக ஊன்றுவதால், மேலிருப்பவர் தூக்கித் தூக்கிப் போடப்படுகிறார். பாய்ச்சலில் மூன்று தாளமாக அசைவு வருகிறது. இந்த அசைவுகளையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டியவை வயிற்றுத் தசைகளும், முதுகெலும்பை ஒட்டிய தசைகளும், இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளுமே.

அவை பலவீனமாக இருந்தால் என்ன நடக்கும்? விழாமல் இருப்பதற்காக முழங்கால்களால் இறுக்குவோம், கடிவாளத்தை இழுப்போம். கடிவாளத்தின் இரும்பு குதிரையின் வாயிலே அழுந்தும். நம் பாரம் மூட்டைபோல அதன் முதுகில் மோதும். அதாவது, நமது பலவீனத்திற்கான கூலியை அந்த வாய்பேசா உயிர் செலுத்துகிறது. வாய்பேசாப் பிராணிகள் விடயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆகவே, ஏறுபவர் தம் உடலைத் தயார்செய்வது தமக்காக மட்டுமல்ல. ஏற்றிச் செல்லும் பிராணிக்காகவும்தான்.

மதீனாவின் பந்தயப் பாதை

தயாரிப்பின் பெறுமதியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்திலேயே காணலாம். தீனியை ஒழுங்குபடுத்தி, போர்வையால் போர்த்தி வியர்க்க வைத்து, உடல் இறுகப் பயிற்றிய குதிரைகளை ஹப்யாவிலிருந்து ஸனிய்யதுல் வதா வரை ஓட விட்டார்கள். அது 5 முதல் 7 மைல் தூரம் என்பது அறிவிப்பாளர்களின் கணிப்பு. பயிற்றப்படாத குதிரைகளுக்கோ ஸனிய்யதுல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ 1 மைல் மட்டுமே. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. உடலின் தகுதிக்கு ஏற்பவே தூரம்! தயாராகாத உடலுக்கு அதிக பாரம் ஏற்றப்படவில்லை.

இது ஆண்களின் உலகமென்று சகோதரிகள் எண்ண வேண்டாம். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் நபியவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடி முந்தினார்கள். பின்னொரு காலம் உடல் பருத்தபோது நபியவர்கள் முந்தினார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். உடலின் நிலை மாறும் என்பதை அன்னையவர்களே எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிட்டார்கள்! நம் காலத்தில், 2010இல் சிங்கப்பூரில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவின் தல்மா மல்ஹஸ் குதிரைத் தாண்டலில் வெண்கலப் பதக்கம் பெற்றார். இலங்கையில் பிறந்து சுவீடனில் வளர்ந்த மத்தில்டா கார்ல்ஸன், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் சார்பில் குதிரையேற்றத்தில் பங்குபற்றினார்.

வீட்டிலுள்ள மரக்குதிரை

எல்லோர் வீட்டிலும் குதிரை இல்லை. ஆனால் குதிரையேறுபவருக்குத் தேவையான அதே தசைகள்தாம் பிள்ளையைத் தூக்கவும், கிணற்றில் நீர் இறைக்கவும், அரிசி மூட்டையை நகர்த்தவும் தேவை. பிரசவங்களுக்குப் பின் தளர்ந்துபோகும் தசைகளும் இவையே. ஓர் அறையும் ஒரு பாயும் போதும்:

1. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்களை ஊன்றி இடுப்பை மட்டும் மெல்ல உயர்த்தி இறக்குங்கள். பத்து முறை.

2. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டுங்கள். பின்னர் மாற்றிச் செய்யுங்கள். முதுகு ஆடக்கூடாது.

3. குப்புறப் படுத்து, முழங்கைகளிலும் கால்விரல்களிலும் உடலைத் தாங்கிப் பலகைபோல் நேராக இருங்கள். தொடக்கத்தில் 10 விநாடி போதும். மூச்சை அடக்க வேண்டாம்.

4. சுவரருகே ஒற்றைக் காலில் நின்று இருபது வரை எண்ணுங்கள். பின்னர் மறுகாலில்.

கிழமைக்கு மூன்று நாட்கள் செய்து, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கர்ப்பிணிகளும், அண்மையில் பிரசவித்தவர்களும், முதுகு நோயுள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

விடுமுறைக்கு நுவரெலியா செல்லும்போது, வாவிக் கரையில் நிற்கும் மட்டக்குதிரையைக் கண்டு பிள்ளைகள் ஏற ஆசைப்படுவார்கள். மறுக்க வேண்டாம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அவர்களை வீட்டு முற்றத்தில் ஒற்றைக் காலில் நிறுத்தி எண்ணத் தொடங்குங்கள். பக்கத்தில் நீங்களும் நின்று எண்ணுங்கள்.