எட்டுப் பேர் கணக்கு

இந்த செமஸ்டர் புள்ளியியல் வகுப்புல ஒரு பழைய அமெரிக்க ஆய்வை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு மேய்ஞ்சோம். மாதவிடாய் நின்ற பெண்கள் 16,608 பேர். பாதிப் பேருக்கு ரெண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெத்து மாத்திரை. 2002-ல ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க. காரணம், ஹார்மோன் சாப்பிட்டவங்களுக்கு மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம். சேதி வந்ததும் ஏகப்பட்ட பெண்கள் பயந்துபோய் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டாங்க.

இதையே வேற மாதிரியும் சொல்லலாம். வருஷத்துக்குப் பத்தாயிரம் பேர்ல 30 பேருக்கு வர்ற நோய் 38 பேருக்கு வந்துச்சு. கூடுதலா எட்டுப் பேர். இடுப்பெலும்பு முறிவு 15-லேர்ந்து 10 ஆயிடுச்சு. அதுலயும், ஆய்வுல இருந்தவங்களோட சராசரி வயசு 63. கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவுல மார்பகப் புற்று கூடலை.

ரெண்டுமே உண்மைதான். ஆனா டாக்டர் எதைச் சொல்றாரோ அதுவே முடிவாயிடுது. எட்டுங்கிறது சின்ன எண்ணா பெரிய எண்ணான்னு எந்தப் புத்தகமும் சொல்லாது. ராத்திரி நாலு தடவை வேர்த்துக்கொட்டி எழுந்திருக்கிறவங்களுக்கு அது ஒண்ணு. கூடப்பிறந்த அக்காவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவங்களுக்கு வேற ஒண்ணு. எங்க அம்மா ரெண்டும்.

ஊர்ல அம்மா பார்த்த டாக்டரம்மா "இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான்"னு ரெண்டே நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. "பையன்கிட்ட பேசுற பேச்சாடா இது"ன்னு அம்மா முதல்ல ஃபோனை வைக்கப் பார்த்தாங்க. நான் பதில் எதுவும் சொல்லலை, கேள்விகளை மட்டும் சொன்னேன். காலண்டர் தாளோட பின்பக்கம் எழுதிக்கிட்டாங்க. என் வயசுக்கும் எங்க அக்கா கதைக்கும் எனக்கு ஆபத்து எவ்வளவு? தோல்ல ஒட்டுற பட்டை உண்டா? (ரத்தக்கட்டு ஆபத்து மாத்திரையிலதான் கூடுது.) ஹார்மோன் இல்லாத வழி என்ன? மறுபடி எப்போ பார்க்கலாம்?

அடுத்த தடவை வேற டாக்டர். இருபது நிமிஷம் பேசியிருக்கார். கணக்கு, பட்டை, எல்லாம் சொல்லியிருக்கார். அம்மா, "ஹார்மோன் வேணாங்க, அக்கா ஞாபகமே வரும். தூங்கினா போதும்"னு சொல்லியிருக்காங்க. சரின்னு ஹார்மோன் இல்லாத மாத்திரை ஒண்ணு எழுதி, மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்கார். மனசு மாறினா அப்போ பேசலாமாம்.

அக்கா ஞாபகம் எந்த அட்டவணையிலயும் இல்லை. அதைச் சொல்ல அம்மாவால மட்டும்தான் முடியும். கேட்க அந்த இருபது நிமிஷம் வேணும்.

மக்களே, உங்க வீட்டுல அம்மா மார்கழியிலயும் ஃபேனை அஞ்சுல வெச்சா, என்னன்னு ஒரு தடவை கேளுங்க.